வீசப்படும் மீன் குடலும் விலைபோகும் நொதியங்களும்

மலையகத்துக்கு மீன் தூரத்திலிருந்துதான் வருகிறது. நீர்கொழும்பிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ புறப்படும் லொறி ஹற்றனை அடைவதற்குள் பல மணித்தியாலங்கள் கடந்துவிடும். பெட்டியில் போட்ட ஐஸ் பாதி கரைந்திருக்கும். சந்தையில் சாளை மீனைப் புரட்டிப் பார்க்கும் எங்கள் உம்மாமார் கண்ணையும் செவுளையும் பார்த்த கையோடு வயிற்றையும் அழுத்திப் பார்ப்பார்கள். "வயிறு வெடிச்ச மீன் வேணாம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். கண் தெளிவாக இருக்கிறது, செவுள் சிவப்பாக இருக்கிறது, ஆனால் வயிறு மட்டும் ஏன் வெடிக்கிறது?

கிருமிகள்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். கிருமிகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அவற்றை முந்திக்கொண்டு வேலையைத் தொடங்குவது மீனின் சொந்தச் சமிபாட்டு நொதியங்கள். வலையில் விழுவதற்குச் சற்று முன் மீன் வயிறு நிறையத் தின்றிருந்தால், அந்த உணவுக்காகச் சுரந்த நொதியங்கள் மீன் இறந்தபின்னும் ஓய்வதில்லை. உள்ளே கிடக்கும் இரையோடு குடற்சுவரையும், அதற்கப்பால் வயிற்றுத் தசையையும் சமிக்கச் செய்துவிடுகின்றன. சாளை, நெத்தலி போன்றவற்றில் வயிற்றுச்சுவர் மெல்லியது. அதனால் அவை முதலில் வெடிக்கின்றன. உயிர் போய்விட்டது, ஆனால் வேலையாட்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் அருவருத்து ஒதுக்கும் இந்த வேலையாட்களைத்தான் சில நாடுகள் பிரித்தெடுத்துச் சிறு போத்தல்களில் அடைத்து விற்கின்றன. மீன் பதனிடும் இடங்களில் கழிவாகப் போகும் குடல், இரைப்பை, மண்ணீரல், ஏன் கழுவிய தண்ணீர்கூட இதற்கு மூலப்பொருள். அந்தக் கதையையும், அதில் எங்களுக்கு என்ன பங்கு என்பதையும் இங்கு எழுதுகிறேன்.

நொதியம் என்ற சொல் உயர்தர உயிரியல் வகுப்புக்கு மட்டும் உரியது என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு தடவையாவது போனவர் எவரும் நொதியத்தின் வேலையைக் கண்ணால் பார்த்தவரே. வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் கற்றெச்சின் என்ற பொருள்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர, பச்சை இலை செம்பு நிறமாகிறது. இதைப் புளிக்கவைத்தல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அங்கே மதுவமும் இல்லை, புளிப்பும் இல்லை, நொதியம் மட்டுமே உண்டு. நிறமும் மணமும் சரியாக வந்ததும் இலையை உலர்த்தியின் சூட்டுக்குள் அனுப்புகிறார்கள். சூட்டில் நொதியம் செயலிழக்கிறது, தேயிலை அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. நேரம் தப்பினால் தேநீரின் தரம் தப்பும்.

கலம் உடைய வேண்டும், நொதியம் தன் கீழ்ப்படையைச் சந்திக்க வேண்டும், வேலை முடிந்ததும் சூடு அதை நிறுத்த வேண்டும். மீன் நொதியத்தின் வியாபாரமும் இந்த மூன்றில்தான் அடங்கியிருக்கிறது. குறிப்பாக மூன்றாவதில்.

பசுவின் உடல் எப்போதும் 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. வட அத்திலாந்திக் கடலின் கோட் மீனோ பெரும்பாலும் 10 பாகைக்குக் குறைந்த நீரில் வாழ்கிறது, அதன் உடலும் அந்த நீரின் குளிரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் புரதம் சமிபாடடைய வேண்டும், இரண்டிடமும் திரிப்சின் என்ற நொதியம் உண்டு. ஆனால் பசுவின் திரிப்சினைக் குளிர்ந்த நீரில் இட்டால், ஜனவரி மாதத்து நுவரெலியாவில் விடியற்காலையில் எழுப்பப்பட்டவரைப் போல அது மந்தமாகிவிடும். கோட் மீனின் திரிப்சின் அதே குளிரில் சுறுசுறுப்பாகப் புரதத்தை வெட்டும். அதன் மூலக்கூறின் கட்டு சற்றுத் தளர்வானது. குளிரிலும் நெளிந்து கொடுக்க அந்தத் தளர்வு உதவுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சிறிது சூடு ஏறினாலே மடிப்புக் குலைந்து அது பயனற்றுப் போகிறது. பாடக்குறிப்பில் நாம் மணி வடிவ வளையி ஒன்றை வரைந்து 37 பாகையில் உச்சியைக் குறிக்கிறோம். அது மனிதனின் வளையி மட்டுமே. ஒவ்வோர் உயிரினத்தின் வளையியும் அது வாழும் நீரையோ நிலத்தையோ ஒட்டி இடம் மாறி நிற்கிறது.

சூடு தாங்காத நொதியம் பலவீனமான நொதியம் என்றுதான் நானும் முதலில் கருதினேன். நோர்வேயின் வடக்கே உள்ள துரொம்சோ நகரத்து இறால் தொழிற்சாலைகளின் கதையைப் படித்தபோதுதான் அந்தப் பலவீனத்துக்கு எவ்வளவு விலை என்று தெரிந்தது.

அங்கே பிடிக்கப்படும் குளிர்கடல் இறாலை உறைய வைத்துக் கொண்டுவந்து, தோலுரிப்பதற்கு முன் நீரில் இளக வைக்கிறார்கள். உறையும்போது கலங்களுக்குள் வளரும் பனிப் பளிங்குகள் ஊசிபோல் கலமென்சவ்வுகளைக் கிழித்துவிடுகின்றன. ஆகவே இளகும்போது இறாலின் தலைக்குள் இருக்கும் ஈரற்சதையி என்ற அங்கத்திலிருந்து நொதியங்கள் நீரில் கசிகின்றன. தேயிலை ரோலர் செய்யும் வேலையை இங்கே பனிக்கட்டி செய்துவிடுகிறது. அந்த நீர் முன்னர் கடலுக்கே போனது. 1990ஆம் ஆண்டளவில் துரொம்சோ ஆய்வாளர்கள் அந்தக் கழிவுநீரைச் சேகரித்து, மிதக்கும் அழுக்குகளைத் திரளச் செய்து அகற்றி, நுண்வடிப்பால் செறிவாக்கி, உறைந்த நிலையிலேயே உலர்த்தி, பல நொதியங்களைப் பெற்றுக் காட்டினர். அவற்றுள் புகழ் பெற்றது இறாலின் கார பொஸ்பற்றேசு.

அதற்கு என்ன வேலை? மரபணுப் பொறியியலில் பிளாஸ்மிட் என்ற வளையமான டீ.என்.ஏ.யை வெட்டி, இடையில் வேண்டிய மரபணுவைப் பொருத்துவார்கள். வெட்டிய இரு முனைகளும் மரபணுவுக்குக் காத்திராமல் தம்முள்ளேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். முனைகளிலுள்ள பொஸ்பேற்றை நீக்கிவிட்டால் அப்படி ஒட்ட முடியாது. இதைச் செய்வது பொஸ்பற்றேசு. ஆனால் வேலை முடிந்தபின் பொஸ்பற்றேசு அங்கேயே இருந்தால், அடுத்து இடப்படும் மரபணுவின் பொஸ்பேற்றையும் நீக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கன்றின் குடலிலிருந்து எடுத்த பழைய நொதியம் எளிதில் அடங்காது, அதை அகற்றத் தனி வேலை வேண்டும். இறாலின் நொதியத்தை 65 பாகையில் சில நிமிடங்கள் வைத்தால் போதும், நிரந்தரமாக நின்றுவிடும். குளிர்கடலில் பிறந்ததால் வந்த பலவீனமே ஆய்வுகூடத்தில் அதன் தகுதியாகிவிட்டது. இன்று உலகெங்கும் டீ.என்.ஏ. வரிசைகளைப் படிக்கும் ஆய்வுகூடங்களில் மாதிரியைத் தூய்மையாக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கோட் மீனின் ஈரலில் இனங்காணப்பட்ட வேறொரு நொதியம், பி.சீ.ஆர். பரிசோதனையில் முந்திய பரிசோதனையின் மிச்சங்கள் கலந்து பொய்யான முடிவு வராமல் காக்கிறது. பி.சீ.ஆர். என்ற எழுத்துகளைக் கொவிட்-19 காலத்தில் சிறு பிள்ளைகளும் சொன்னார்கள். அதற்குள் ஒரு மீனுக்கும் இடம் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஐஸ்லாந்துக்காரர் கோட் மீனின் திரிப்சினைப் பிடித்துக்கொண்டனர். அந்த மீனின் இரைப்பை முடியும் இடத்தில் கையுறை விரல்களைப் போலச் சிறு பைகள் கொத்தாகத் தொங்கும். திரிப்சின் அங்கேதான் செறிந்திருக்கிறது. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து உயிர்இரசாயனவியலாளர்களின் ஆய்விலிருந்து சைம்டெக் என்ற நிறுவனம் உருவானது. தோலில் பூசும் களியும், பின்னர் சுவீடன் நிறுவனமொன்றின் பெயரில் தடிமனுக்குத் தொண்டையில் தெளிக்கும் தெளிப்பானும் வந்தன. அந்தத் தெளிப்பான் ஐரோப்பாவில் மருந்தாக அல்ல, மருத்துவச் சாதனம் என்ற வகையில் விற்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தை அப்படியே நம்பிவிட எனக்கு மனமில்லை.

எங்கள் வீடுகளுக்கு நெருக்கமான விடயம் சீஸ் என்னும் பாற்கட்டி. பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தின் ஒரு வகையில், 105ஆம் 106ஆம் அமினோ அமிலங்களுக்கிடையே உள்ள ஒரேயொரு பிணைப்பை வெட்டிவிட்டால் பால் உறைந்துவிடும். இதைத் துல்லியமாகச் செய்வது கைமோசின். பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து அதை எடுப்பது பழைய முறை, அதற்கு ரெனெற் என்று பெயர். அந்தக் கன்று எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி முஸ்லிம் வீட்டில் எழுவது இயல்பே. இதன் சட்டத்தில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் மீனை அறுக்க வேண்டியதே இல்லை என்பதில் வேறுபாடு இல்லை. ஆகவே மீனின் இரைப்பை நொதியத்தால் பாலை உறைய வைக்க முடியுமானால், நமக்கு அது வெறும் இரசாயனச் செய்தி அல்ல.

முடியும். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1984இல் வெளிவந்த ஆய்வொன்றில் கோட் மீனின் பெப்சினை ரெனெற்றுக்கு மாற்றாகப் பயன்படுத்திப் பார்த்தனர். கன்றின் ரெனெற்றுக்குப் பால் 30 பாகைக்கு மேல் இளஞ்சூடாக இருக்க வேண்டும். மீனின் பெப்சின் அதைவிடக் குளிர்ந்த பாலிலும் தொழிற்படும். அப்படியானால் கடையில் ஏன் மீன் ரெனெற் சீஸ் இல்லை? பெப்சின் கைமோசினைப் போல ஒரே பிணைப்போடு நிற்பதில்லை. வேறு பிணைப்புகளையும் வெட்டுவதால் சீஸ் முதிரும்போது கசப்புத் தட்டலாம். அதைவிடப் பெரிய காரணம், 1990 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நுண்ணங்கிகளில் உற்பத்தி செய்த கைமோசினுக்கு அனுமதி கொடுத்தது. கன்றின் மரபணுவைப் பக்றீரியாவிலோ மதுவத்திலோ பூஞ்சணத்திலோ செலுத்தித் தொட்டி தொட்டியாகக் கைமோசின் எடுக்க முடிந்தபின், கன்றையும் தேட வேண்டியதில்லை, மீனையும் தேட வேண்டியதில்லை. சீஸ் பெட்டியில் வெறுமனே ரெனெற் என்றிருக்கிறதா, நுண்ணங்கி ரெனெற் என்றிருக்கிறதா, ஹலால் சான்று இருக்கிறதா என்று வாங்கும்போது வாசித்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். மேலே புகழ்ந்த இறாலின் நொதியமும் கோட் ஈரலின் நொதியமும்கூட இன்று பெருமளவில் மதுவத்திலும் பக்றீரியாவிலும்தான் செய்யப்படுகின்றன. கழிவு ஒரு நூலகம் போல இருந்தது. வேண்டிய பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டதும் பலர் நூலகத்துக்கு வருவதை விட்டுவிட்டனர். மீன் கழிவிலிருந்து நொதியம் எடுத்தால் எல்லோரும் பணக்காரராகலாம் என்று எழுதுவோர் இதைச் சொல்வதில்லை.

ஆனாலும் நொதியத்தை மிகத் தூய்மையாக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. மீன் முட்டைகளை அவற்றின் பையிலிருந்து உடையாமல் பிரிக்கவும், செதிலையும் தோலையும் மென்மையாக நீக்கவும் வட ஐரோப்பாவில் மீன் நொதியங்களைப் பயன்படுத்தியுள்ளனர். தூனீசியாவின் ஸ்பக்ஸ் நகர ஆய்வாளர்கள் சாளை உள்ளிட்ட மீன்களின் குடல் நொதியங்களைச் சலவைத்தூளோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இரத்தக் கறை ஒரு புரதக் கறை அல்லவா?

எங்களுக்கு மிகப் பொருத்தமான பாடம் தாய்லாந்தில் இருக்கிறது. அங்கே தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகளுக்குச் சூரை மீன் முழுதாக, உறைந்த நிலையில் வருகிறது. குடலும் மண்ணீரலும் தொழிற்சாலையிலேயே ஒரே இடத்தில் குவிகின்றன. ஹட் யாய் நகரிலுள்ள சொங்க்லா இளவரசர் பல்கலைக்கழகம் சூரையின் மண்ணீரலிலிருந்து திரிப்சினைப் பிரித்தெடுத்தது. வெப்பக் கடலின் மீன் என்பதால் அதன் திரிப்சின் 60 பாகையளவில்தான் மிக வேகமாகத் தொழிற்படுகிறது. கோட் மீனுக்கு நேர்மாறு! ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் மீன் சோஸ் தயாரிப்பில் அந்த மண்ணீரலைச் சாளையோடு சேர்த்து, மீன் விரைவாகக் கரைவதைக் காட்டினர்.

இலங்கையும் சூரை ஏற்றுமதி செய்யும் நாடுதான். ஆனால் ஏற்றுமதிக்கான கெலவல்லா மீனின் செவுளையும் குடலையும் பலநாள் படகிலேயே அகற்றிவிட்டு ஐசில் வைக்கிறார்கள். மீன் பழுதாகாமல் இருக்க அது அவசியம். வயிறு வெடிக்கும் காரணத்தை மேலே பார்த்தோம். ஆக, கரைக்கு வந்து சேர்வது தலை, எலும்பு, தோல், கருஞ்சதை. நொதியம் நிறைந்த பகுதி நடுக்கடலிலேயே போய்விடுகிறது. அதைச் சேமித்துக் கொண்டுவருவதானால் படகில் தனிக் குளிரறை வேண்டும். ஏனெனில் நொதியம் ஒரு புரதம். குடலைச் சூட்டில் போட்டுவைத்தால் நொதியங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அழிந்துவிடும். ஆய்வுகூடத்திலும் முழு வேலையும் குளிரிலேயே நடக்கிறது. குடலை அரைத்து, குளிர்ந்த அசற்றோனால் கொழுப்பை நீக்கி, சிறிது கல்சியங் குளோரைட்டு சேர்த்த தாங்கற் கரைசலில் கரைத்து, மையநீக்கியில் சுழற்றி, அமோனியஞ் சல்பேற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக இட்டு நொதியத்தை வீழ்படிவாக்குவார்கள். பொருள்கள் எல்லாம் நமது பாடத்திட்டத்துக்குள் உள்ளவையே. இடைவிடாத குளிரும் மின்சாரமும்தான் செலவு.

அப்படியானால் மலையகத்தில் என்ன செய்யலாம்? இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் பிடிபடுகிறது. பிரேசிலில் திலாப்பியாவின் குடல் நொதியங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே அந்தக் குடல் காக்கைக்கும் நாய்க்கும் போகிறது. சந்தையில் வெட்டும் மீனின் கழிவும் அப்படியே. ஒரு மீனின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கூடவோ குறையவோ குடலும் உள்ளுறுப்பும்தான். தூய நொதியம் எடுக்கும் தொழிற்சாலை இங்கு நாளைக்கே வரும் என்று நான் நம்பவில்லை. நொதியத்தைப் பிரித்தெடுக்காமல், இருந்த இடத்திலேயே வேலை வாங்குவது எங்களால் முடிந்தது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதும், நவம்பரில் அது கைவிடப்பட்டதும் எங்கள் பகுதியில் எவருக்கும் மறந்திருக்காது. தேயிலையும் மரக்கறியும் ஒருங்கே அடி வாங்கிய வருடம். எங்கள் வீட்டுக்கு அண்மையில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் ஒருவர் அப்போது மீன் கழிவையும் சர்க்கரையையும் பீப்பாயில் போட்டு மூடி வைத்தார். தமிழ்நாட்டு விவசாயிகள் மீன் அமிலம் என்று சொல்லும் கரைசல் இது. சில வாரங்களில் சதை காணாமல் போய், பழுப்பு நிறக் கரைசலும் எலும்பும் மட்டும் எஞ்சின. சர்க்கரை மீனைக் கரைத்துவிட்டது என்று அவர் சொன்னார். சர்க்கரை கரைக்கவில்லை. அதை உண்டு இலற்றிக்கமிலம் உண்டாக்கிய பக்றீரியாக்கள் அழுகல் கிருமிகளைத் தடுத்தன. அந்த அமிலத்தில் உற்சாகமாகத் தொழிற்படும் பெப்சின் முதலிய மீனின் சொந்த நொதியங்கள் புரதத்தை வெட்டிப் பெப்தைட்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் மாற்றின.

நோர்வேயில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். சர்க்கரைக்குப் பதில் போமிக்கமிலம் சேர்க்கிறார்கள். இங்கே இறப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படுவதும் அதே அமிலம்தான். 100 கிலோ அரைத்த மீன் கழிவுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ சேர்த்து, பீ.எச். பெறுமானத்தை 4க்குக் கீழே இறக்கிவிட்டால் கிருமிகள் அடங்கும், பெப்சின் எழும்பும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த அமிலத்தைத் தொடக் கூடாது. வீட்டில் செய்வோருக்குச் சர்க்கரை முறையே பாதுகாப்பானது. குடலையும் சேர்த்தே அரைக்க வேண்டும். தலையும் செதிலும் மட்டும் போட்டுவிட்டு ஏன் கரையவில்லை என்று கேட்பதில் பயனில்லை, நொதியம் இருப்பது குடலில்.

எங்கள் ஊரின் குளிரும் கணக்கில் வரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகைதான். வெப்பக் கடலின் மீனுக்கு அது மிகக் குளிர். கொழும்பில் சில நாட்களில் கரைவது இங்கே சில வாரங்கள் எடுக்கலாம். பீப்பாயைக் கறுப்பு நிறத்தில் எடுத்து வெயில் படும் சுவரோரம் வைத்து, நாளுக்கொரு தடவை கிளறி, பீ.எச். தாளால் பார்த்துக்கொண்டால் நல்லது. கரைந்து முடிந்ததும் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும், அதை வழித்தெடுக்க வேண்டும். அடியில் எலும்பு தங்கும், அதைக் காயவைத்து இடித்து மண்ணில் சேர்க்கலாம். நடுவில் உள்ளதுதான் உரம். நிறையத் தண்ணீர் கலந்தே செடிக்கு ஊற்ற வேண்டும். மணம் மட்டும் இரண்டு நாள் போகாது, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.